கவுன்சிலர்களுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

கேள்வி: தெற்கு லண்டனில் குழந்தைகளுக்கான புற்றுநோய் சிகிச்சையை ராயல் மார்ஸ்டன், செயின்ட் ஜார்ஜ் இரண்டிலிருந்தும் எடுத்து மத்திய லண்டனில் இருக்கும் எவெலினா குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) முடிவு செய்திருக்கிறது. டாக்டர்கள் யோசித்துச் சொன்ன விஷயம். அதைக் குப்பை வண்டியும் பார்க்கிங்கும் பார்க்கிற கவுன்சிலர்கள் கமிட்டி போட்டுக் குடைகிறார்கள். இவர்களுக்கு இதில் என்ன வேலை? குழந்தைகளின் உயிர் விஷயத்திலும் அரசியலா?
– ஒரு வாசகர், குராய்டன்

பதில்: கவுன்சிலர்களுக்குப் புற்றுநோய் மருத்துவம் தெரியாதுதான். தெரிந்ததாக அவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. எந்தக் குழந்தைக்கு என்ன மருந்து என்பது அவர்கள் விசாரிக்கிற விஷயமும் இல்லை. அவர்கள் கேட்க வேண்டியவை வேறு. கீமோ எடுத்து எதிர்ப்புசக்தி இறங்கிப்போன குழந்தையைக் கூட்டமான ரயிலில் கூட்டிவர முடியாது. அப்படியானால் கென்டிலிருந்தும் சஸ்ஸெக்ஸிலிருந்தும் காரில் வருகிற பெற்றோர் மத்திய லண்டனில் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? அங்கே வண்டியோடு நுழைவதற்கான நெரிசல் கட்டணத்தை யார் கட்டுவது? கதிரியக்க சிகிச்சைக்கு எவெலினாவைத் தாண்டி, தேம்ஸுக்கு வடக்கே யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனைக்குப் போக வேண்டுமாம். வாரக்கணக்கில் நாள் தவறாமல் நடக்கிற சிகிச்சை அது. வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அம்மா என்ன செய்வாள்? ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் கேட்காமல் இதை வேறு யார் கேட்பது?

மாற்றத்துக்கான மருத்துவக் காரணம் வலுவானதுதான். மார்ஸ்டனின் சட்டன் வளாகத்தில் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. நிலைமை மோசமானால் ஆம்புலன்ஸில் ஏற்றி டூட்டிங்கிலிருக்கும் செயின்ட் ஜார்ஜுக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படிப்பட்ட மையம் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்று 2021-இல் தேசிய அளவில் விதி வந்தது. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. "டாக்டர்கள் சொல்லியாயிற்று, மற்றவர்கள் பேசாதீர்கள்" என்கிறீர்களே, அங்கேதான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படி நடந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து ஏற்கெனவே பார்த்துவிட்டது.

பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் 80-களிலும் 90-களின் முற்பாதியிலும் இதய அறுவை சிகிச்சை செய்யப்பட்ட கைக்குழந்தைகள் மற்ற ஊர்களைவிட அதிகமாக இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. இயன் கென்னடி தலைமையில் நடந்த விசாரணை 2001-இல் அறிக்கை தந்தது: 1991 முதல் 1995 வரை மட்டும், ஒரு வயதுகூட நிறையாத 30 முதல் 35 குழந்தைகள் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். இதன் பிறகுதான், சின்னச் சின்ன மையங்களை மூடி அறுவை சிகிச்சையைச் சில பெரிய மையங்களில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வலுப்பட்டது. நியாயமான பேச்சு. ஆனால் சில பேர் மட்டும் தங்களுக்குள் கூடி முடிவெடுத்த நிர்வாகத்தையும் அதே அறிக்கை கடுமையாகச் சாடியிருந்தது. அந்தப் பகுதியை அவ்வளவாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

2008-இல் குழந்தைகள் இதய அறுவை சிகிச்சை மையங்களைப் பற்றிய மறுஆய்வை என்.எச்.எஸ். தொடங்கியது. ஒரு மையத்தில் 4 அறுவை நிபுணர்களாவது இருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 400 அறுவை சிகிச்சைகள் நடக்க வேண்டும் என்பது அளவுகோல். 2012 ஜூலை 4 அன்று முடிவு வந்தது: 7 மையங்கள் தொடரும், லீட்ஸ், லெஸ்டரின் கிளென்ஃபீல்டு, லண்டனின் ராயல் பிராம்ப்டன் மூன்றிலும் அறுவை சிகிச்சை நிற்கும்.

யார்க்‌ஷயர், ஹம்பர் பகுதியின் 15 கவுன்சில்கள் சேர்ந்து, மருத்துவத் திட்டங்களைக் கேள்வி கேட்கிற கவுன்சிலர்களின் கூட்டு ஆய்வுக்குழு ஒன்றை வைத்திருந்தன. லீட்ஸில் நின்றுவிட்டால் அங்குள்ள குழந்தைகள் சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி நியூகாசிலுக்குப் போவார்கள் என்பது திட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கின் மேலேயே கேள்வி எழுந்தது. ஷெஃபீல்டு, டான்காஸ்டர் பக்கத்துப் பெற்றோர் நிஜமாகவே வடக்கே நியூகாசிலுக்குத்தான் போவார்களா, அல்லது கிட்டே இருக்கிற வேறு ஊருக்குப் போய்விடுவார்களா? போய்விட்டால் நியூகாசிலுக்கு அந்த 400 எங்கிருந்து வரும்? பாருங்கள், பெற்றோர் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்ற ஊர் விஷயம்தான். ஆனால் மருத்துவ அளவுகோலே அதன் மேல்தான் நிற்கிறது. சாலையும் ரயிலும் தெரிந்த உள்ளூர்க்காரருக்கு இது உடனே உறைக்கும்.

இன்னொரு விஷயம் இதைவிட மோசம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நிபுணர் குழு மதிப்பெண் போட்டிருந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர், பிரிஸ்டலை விசாரித்த அதே இயன் கென்னடி. மொத்த மதிப்பெண்ணை வெளியிட்டார்கள். எந்த அம்சத்துக்கு எவ்வளவு என்ற விவரத்தை லீட்ஸ் தரப்பு கேட்டது, தர மறுத்தார்கள். இறுதி முடிவை எடுத்த என்.எச்.எஸ். கமிட்டியே அந்த விவரத்தைப் பார்க்கவில்லை! லீட்ஸ் மையத்தைக் காக்கப் புறப்பட்ட அமைப்பு வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி நிக்கோலா டேவிஸ், நடந்த கலந்தாய்வு நியாயமானதல்ல என்று தீர்ப்பளித்து முடிவை ரத்து செய்தார்.

நீதிமன்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். யார்க்‌ஷயர், லெஸ்டர், லிங்கன்‌ஷயர் ஆய்வுக்குழுக்கள் சட்டம் தந்த உரிமையின்படி விஷயத்தை சுகாதார அமைச்சருக்கு அனுப்பியிருந்தன. அவர் அதைச் சுயேச்சையான நிபுணர் மன்றம் ஒன்றிடம் கொடுத்தார். அதன் தலைவர் பெர்னார்டு ரிபெய்ரோ. இங்கிலாந்தின் அறுவை நிபுணர்களுக்கான ராயல் கல்லூரியின் முன்னாள் தலைவர். அரைகுறையான திட்டங்களை வைத்துக் குறையுள்ள ஆய்வின் மேல் எடுத்த முடிவு இது என்றது அந்த மன்றம். பிறவி இதய நோயுள்ள குழந்தைகளையும் பெரியவர்களையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும் என்றும் சொன்னது. இரு தரப்புக்கும் கத்தி பிடிப்பது பெரும்பாலும் அதே கைகள் அல்லவா? 2013 ஜூன் 12 அன்று அமைச்சர் ஜெரமி ஹன்ட் திட்டத்தை நிறுத்திவைத்தார். கவுன்சிலர்கள் எழுப்பிய சந்தேகத்தில் விஷயம் இருந்தது என்று கடைசியில் சொன்னது ஒரு அறுவை நிபுணரின் தலைமையிலான மன்றம். இதை அரசியல் என்று ஒதுக்க முடியுமா?

கவுன்சிலர்களையும் நான் கோயிலில் வைக்கவில்லை. லீட்ஸ் கவுன்சிலர்கள் லீட்ஸுக்காகப் பேசினார்கள்; நியூகாசில் குழந்தைகளுக்காக அவர்கள் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியைத் தொடாதே என்ற உணர்ச்சி சில சமயம் நல்ல மாற்றத்தையும் தடுக்கும். காலமும் போயிற்று. புது மறுஆய்வு நடந்து 2017 நவம்பரில்தான் அடுத்த முடிவு வந்தது. லெஸ்டரும் பிராம்ப்டனும் நிபந்தனைகளோடு தொடரலாம் என்றார்கள். ஆனால் அந்தத் தாமதத்தின் பழியைக் கேள்வி கேட்டவர் தலையில் கட்டாதீர்கள். விவரத்தைக் கேட்டபோதே கொடுத்திருந்தால் அந்த வழக்குக்கே காரணம் இருந்திருக்காது.

சரி, உங்கள் எவெலினாவுக்கு வருவோம். கவுன்சிலர்கள் குடைகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். குடைவதற்கு அவர்கள் கையில் இருந்த முக்கியமான கருவியைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? 2022-ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டத்தின்படி, 2024 ஜனவரி 31 முதல், விஷயத்தை அமைச்சரிடம் அனுப்பும் உரிமை ஆய்வுக்குழுக்களுக்கு இல்லை. இப்போது நீங்களும் நானும் கடிதம் போடுகிற மாதிரி அவர்களும் "தலையிடுங்கள்" என்று விண்ணப்பம் போடலாம். தலையிடுவதா வேண்டாமா என்பது அமைச்சர் விருப்பம். குழந்தைகள் புற்றுநோய் மையம் எவெலினாவுக்குத்தான் என்ற முடிவு 2024 மார்ச் 14 அன்று அறிவிக்கப்பட்டது. உரிமை போய் ஆறே வாரம்! லீட்ஸ் குழுவுக்கு இருந்த பலம் தெற்கு லண்டன் குழுவுக்கு இல்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

மிச்சம் இருப்பது கூட்டங்கள். என்.எச்.எஸ். இன்னமும் ஆய்வுக்குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும், அதன் கேள்விகளுக்கு ஆள் அனுப்பிப் பதில் சொல்ல வேண்டும். 2026 அக்டோபருக்கு முன் இடம் மாறாது என்று முடிவின்போதே சொன்னார்கள். கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். பேசப்படும் ஆவணங்கள் கவுன்சில் இணையதளத்திலேயே கிடைக்கும். குராய்டனில்தானே இருக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வண்டி நிறுத்த இடத்தைப் பற்றியும் கதிரியக்க சிகிச்சைப் பயணத்தைப் பற்றியும் யார் கேட்கிறார்கள், என்ன பதில் வருகிறது என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்புறமும் இதே கேள்வியைக் கேட்டால், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.