பேட்டரியின் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால்: கேள்வி பதில்

கேள்வி: காரில் புது பேட்டரி மாட்டும்போது முனைகள் மாறிவிட்டன. பட்டென்று ஒரு தீப்பொறி. உடனே கழற்றி சரியாக மாட்டியும் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டதா சார்?

பதில்: அதற்குள் அந்த முடிவுக்கு வராதீர்கள். முதலில் மெயின் ஃப்யூஸைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டருக்குள், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோட்கள் குறைந்தது 6 இருக்கும். ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் போக விடுவதும், திரும்பி வராமல் தடுப்பதும் அவற்றின் வேலை. முனைகள் மாறினால் தடுக்க வேண்டிய டயோட்களே வழிவிட்டுவிடும். பேட்டரியை நேராக ஷார்ட் செய்தது போல நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வழியில் இருக்கும் மெயின் ஃப்யூஸ் அந்த நொடியில் உருகினால், அதற்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் தப்பித்துவிடும்.

பல கார்களில் மெயின் ஃப்யூஸ் 80 முதல் 120 ஆம்பியர் வரை இருக்கும். சின்ன ஃப்யூஸ் போலப் பிடுங்க வராது, போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேலே கண்ணாடி போன்ற மூடி வழியாக உள்ளே ஒரு தகடு தெரியும். அதன் ஒடுங்கிய இடம் அறுந்து, மூடியின் உட்புறம் கரி படிந்திருந்தால் ஃப்யூஸ் போயிருக்கிறது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்து இணைப்பு அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: அந்த ஃப்யூஸ் கிடைக்கும்வரை கம்பி சுற்றி ஓட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஆல்டர்நேட்டர் டயோட்கள் ஏற்கெனவே ஷார்ட் ஆகியிருந்தால், உருக ஃப்யூஸ் இல்லாமல் வயரிங்தான் எரியும். அதே அளவு புது ஃப்யூஸ் போட்டு, அதுவும் மாட்டியவுடன் போனால் அடுத்து ஆல்டர்நேட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பேட்டரி விளக்கு அணையவே இல்லை.

பதில்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆகவில்லை. அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு டயோட் பழுது என்று சந்தேகப்படலாம். ஒரு டயோட் போனாலும் சார்ஜ் வோல்ட் சரியாகவே காட்டக்கூடும்.

கேள்வி: ஹெட்லைட் பல்பு போய்விடுமா?

பதில்: இழை பல்புக்குத் திசை கிடையாது, ஒன்றும் ஆகாது. எல்இடி என்றால் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் வேலை செய்கிறது அண்ணா, ஸ்டீரியோ மட்டும் செத்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டியதுதானா?

பதில்: பொறுங்கள். பின்பக்கம் ஒரு ஃப்யூஸ் இருக்கும், அதை முதலில் மாற்றுங்கள். உள்ளே சப்ளைக்குக் குறுக்கே ஒரு காவல் டயோடை எதிர்த்திசையில் வைத்திருப்பார்கள். கரண்ட் தலைகீழாக வந்தால் அது தன் வழியே இழுத்து ஃப்யூஸை உருக்கிவிடும். சில சமயம் அதுவே ஷார்ட் ஆகிவிடும். அந்த ஒரு டயோடை மாற்றினாலே பல செட்டுகள் பிழைத்துக்கொள்ளும். பல ஈசியூக்களிலும் இதே ஏற்பாடு உண்டு. அதனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைத் திறந்து பார்க்காமல் ‘ஈசியூ போச்சு’ என்று யாராவது சொன்னால் உடனே பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் மாறினாலும் இதே கதைதானா?

பதில்: அதைவிட மோசம். இரண்டு பேட்டரியும் வரிசையில் சேர்ந்து 24 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே இறங்கும். கேபிள் உருகலாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதன் பக்கத்தில் தீப்பொறி பறந்தால் பேட்டரியே வெடிக்கலாம். முகத்தை விலக்கி வையுங்கள். இரண்டு வண்டியின் ஃப்யூஸையும் பாருங்கள்.

கேள்வி: சிவப்பு கேபிளைத்தான் பிளஸில் மாட்டினேன். அப்படியும் எப்படி மாறியது?

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது. யாரோ பழைய எர்த் (மைனஸ்) கேபிளுக்குப் பதிலாகச் சிவப்பு வயரைப் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து நிறத்தை நம்பாமல் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய் மறுமுனையைப் பார்க்கிறேன். பாடியிலோ எஞ்சினிலோ போல்ட் ஆகியிருந்தால் அது மைனஸ். பேட்டரியில் பிளஸ் முனை சற்றுத் தடிமன், அதனால் மைனஸ் கிளாம்ப் அதில் எளிதில் இறங்காது. தட்டி இறக்கத் தோன்றினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பேட்டரி மேல் அச்சிட்ட குறியை இன்னொரு முறை பாருங்கள்.