ஆயில் ஒழுகும் பழைய கார்: 14,000 ரூபாய் செலவழிப்பதா, விற்றுவிடுவதா?

கேள்வி: 2012 ஆகஸ்டில் பதிவான பெட்ரோல் வேகன்ஆர் வைத்திருக்கிறேன். 98,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் 800 கி.மீ. ஓட்டுவேன். நிறுத்தும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது, 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கி கிராங்க் ஆயில் சீல் (என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு மெக்கானிக். கெட்டி ஆயிலும் லீக் அடைக்கும் மருந்தும் ஊற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். வீட்டிலோ, வண்டியை 1,10,000-க்குக் கொடுத்துவிட்டு 6 லட்சம் கடனில் புதுக் கார் எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது? (திருச்சி வாசகர்)

பதில்: ஆயில் ஒழுகுகிறது என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். 6 லட்சத்துக்கு 9.5% வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 12,600 ரூபாய். வட்டி மட்டுமே 1.56 லட்சம், உங்கள் காருக்குக் கிடைக்கும் விலையைவிட அது அதிகம்.

இப்போது வீணாகும் ஆயில் மாதம் 400 மில்லி. லிட்டர் 450 ரூபாய் என்று வைத்தால் 180 ரூபாய், ஆண்டுக்கு 2,160. இந்தச் சேமிப்புக்காக மட்டும் 14,000 செலவழித்தால் ஆறரை ஆண்டு கழித்துத்தான் கணக்கு நேராகும். உண்மையான ஆபத்து வேறு. இந்த என்ஜின் கொள்ளும் ஆயிலே சுமார் 3 லிட்டர்தான். இரண்டு மாதம் பார்க்காமல் விட்டால் 800 மில்லி குறைந்திருக்கும். ஆயில் பிரஷர் விழுந்தால் டைமிங் செயின் தளரும், பேரிங் தேயும், கடைசியில் என்ஜின் ஜாம் ஆகும். அந்த வேலை அரை லட்சத்தைத் தாண்டலாம். முழுக் காப்பீடு இருந்தாலும் தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு கிடைக்காது.

அதனால் முதல் செலவு, ஆயில் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்கு. அரை லிட்டர் முழுவதும் வெளியே ஒழுகினால் வண்டியின் அடிப்பாகமே நனைந்து கிடக்க வேண்டும். நாலைந்து சொட்டு மட்டும்தான் தெரிகிறது என்றால் மீதி உள்ளே எரிகிறது. அதற்குக் கிராங்க் சீல் மாற்றிப் பயனில்லை. என்ஜினை டீகிரீஸர் போட்டுக் கழுவிக் காயவிட்டு, 50 கி.மீ. ஓட்டிய பிறகு மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கீழே வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் பரவும். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரில் கசிவது வழிந்து வந்து கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பார்த்தவுடன் கிராங்க் சீல் போய்விட்டது என்று தோன்றும். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயிலாக இருக்கலாம். சைலன்சர் மேனிஃபோல்டு மேல் சொட்டிப் புகை வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், தீப்பிடிக்கலாம்.

அடுத்தது பிசிவி வால்வு. சில நூறு ரூபாய்ப் பொருள்தான்; பலரும் இதைத் தொடுவதே இல்லை. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி இது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். இதைப் பார்க்காமல் புது சீல் போட்டால் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். டிரெயின் பிளக் வாஷர், ஃபில்டர் ரப்பர், டேப்பட் கவர் பேக்கிங் ஆகியவற்றையும் இப்போதே பார்த்துவிடலாம். கவர் போல்ட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பேக்கிங் பிதுங்கும். என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூச விடாதீர்கள். உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து விழுந்தால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும்.

இதையெல்லாம் செய்த பிறகும் கியர் பாக்ஸ் பக்கம் ஈரமானால் அந்த 14,000 நியாயமான செலவுதான். ஆனால் கிளட்ச் தட்டும் பழசாக இருந்தால் அதையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றுங்கள். இரண்டு வேலைக்கும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். தனித்தனியாகச் செய்தால் ஒரே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

ஆயில் விஷயத்தில் கையேட்டை மீறாதீர்கள். அதில் உள்ள வெப்பநிலை அட்டவணை அனுமதித்தால் 5டபிள்யூ-30-க்குப் பதில் 10டபிள்யூ-40 போடலாம் (இவை ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள்). கசிவு கொஞ்சம் குறையும், நம் ஊர் வெயிலுக்கும் ஒத்துவரும். அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கென்று விற்கும் ஆயிலில் ரப்பர் சீலை மென்மையாக்கும் சேர்மானம் இருக்கும். லேசான கசிவுக்கு அது உதவும். 20டபிள்யூ-50 வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். லீக் மருந்து சீலை ஊதவைத்து, நாளடைவில் இன்னும் கெடுக்கக்கூடும். எப்படியும் ஒழுகுகிறதே என்று அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். கிராங்க் அடித்து நுரையாக்கி, கசிவை அதிகப்படுத்தும். சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

விற்கலாமா என்பதை, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் முடிவு செய்யட்டும். ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவாக இருக்கிறதா? அப்படியென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வண்டியில் பெரிய பணம் போடாதீர்கள். சரியாக இருந்தால் வைத்துக்கொண்டு, மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. போட்டு வாருங்கள். 2027 ஆகஸ்டில் 15 ஆண்டு முடியும்போது ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. அந்தத் தகுதிச் சோதனைக்கு என்ஜின் காய்ந்து சுத்தமாக இருப்பது நல்லது.

விற்பதாக முடிவெடுத்தால் கசிவைச் சொல்லியே விற்றுவிடுங்கள். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாறியதை ஆர்டிஓ பதிவில் உறுதி செய்யுங்கள். மாறாதவரை, அந்த வண்டி விபத்தில் சிக்கினாலும் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ளவருக்குத்தான்.