இரண்டு வில்லியம்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் லீட்ஸில் வசிக்கிறேன். கணவர் ஆங்கிலேயர். அவர் வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லாததால் அவர்கள் வம்சாவளியை நான்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். 1837 வரை பின்னோக்கிப் போவதில் சிரமம் இருக்கவில்லை. அதற்கு முன்னால் வில்லியம் என்பவரிடம் வந்து நின்றுவிட்டேன். 1788-ல் கிழக்கு யார்க்ஷயரில் ஒரு கிராமத்தில் மேரி என்பவரை மணந்தவர். 1829-ல் அடக்கம், வயது 66 என்று பதிவு. அதே குடும்பப் பெயரில் அக்கம்பக்கத்து ஊர்களில் இரண்டு வில்லியம்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு 1763-ல் ஞானஸ்நானம், மற்றவருக்கு 1766-ல். இணையத்தில் இருக்கும் குடும்ப மரங்கள் எல்லாமே 1763-ஐத்தான் போட்டிருக்கின்றன. நானும் போட்டுவிடலாமா?

இன்னொன்று. 1791-ல் அவர்கள் குழந்தை ஒன்றை அடக்கம் செய்த பதிவின் ஓரத்தில் 'ஏழை' என்று குறித்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மாமியாருக்கு மனசே சரியில்லை.

ச.

அன்புள்ள ச.,

இப்போதைக்குப் போடாதீர்கள். அந்த மரங்களை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர் போட்டவர்களாகவே இருப்பார்கள். நூறு பேர் சொன்னாலும் சாட்சி ஒன்றுதான். 1829-லிருந்து 66-ஐக் கழித்தால் 1763 வருகிறது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அடக்கத்தின்போது வயதைச் சொல்வது செத்தவர் இல்லையே. மகனோ மருமகளோ குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார்கள். மூன்று வருஷம் முன்பின் ஆவது சாதாரணம். ஞானஸ்நானத் தேதியும் பிறந்த தேதி அல்ல. சில வீடுகளில் மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பிறப்பு இறப்பை அரசாங்கம் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலையில். அதற்கு முன் இருப்பது அந்தந்த பாரிஷ் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர் வட்டாரம்) ஆலயத்தின் பதிவேடுதான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ல் போட்ட உத்தரவில் தொடங்கியது அது. 1813-ல் அச்சடித்த படிவம் வரும்வரை ஞானஸ்நானத்தில் என்ன எழுதுவது என்பது பெரும்பாலும் பாதிரியார் இஷ்டம். 'வில்லியம், ஜானின் மகன்' என்று ஒரே வரியோடு முடித்தவர்கள் ஏராளம்.

சரி, முதல் வேலை. இரண்டு ஊர்களின் அடக்கப் பதிவேட்டையும் 1763-லிருந்து 1788 வரை வரிவரியாகப் படியுங்கள். வம்சம் தேடுகிறவர்கள் பிறப்பையும் கல்யாணத்தையும் பார்ப்பார்கள், அடக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் குழந்தைகள் சாவது அவ்வளவு சகஜம். இரண்டு வயதில் புதைத்த பையன் 1788-ல் கல்யாணம் செய்திருக்க முடியாது. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள், ஆகவே அதே பெற்றோருக்குப் பின்னால் இன்னொரு வில்லியம் வருகிறானா என்றும் பாருங்கள். பிழைத்திருந்தால் அவர்கள் வளர்ந்து எங்கே போனார்கள் என்று தொடருங்கள். 1766-காரர் சொந்த ஊரிலேயே மணந்து 1795-ல் அங்கேயே பிள்ளை பெற்றிருந்தால் அவர் உங்கள் ஆள் இல்லை. உங்களுக்குப் பிடித்தவருக்கு ஆதாரம் சேர்ப்பதைவிட மற்றவரைக் கழிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் இதில் உருப்படியான வேலை.

ஆனால் உங்கள் அதிர்ஷ்டமே யார்க்ஷயர்தான். யார்க் நகரில் வில்லியம் டேட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். ஒருவரி பதிவுகள் எதற்கும் உதவாது என்று நினைத்து, 1770-களில் குழந்தையின் ஞானஸ்நானத்தோடு அப்பாவின் தொழில், ஊர், அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள் எல்லாவற்றையும் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். 1777-ல் பேராயர் மார்க்கம் இதைத் தன் மறைமாவட்டத்துக்கே பரிந்துரைத்தார். எல்லாப் பாதிரியார்களும் கேட்கவில்லை, வேலை அதிகமுள்ள நகர ஆலயங்களில் சீக்கிரமே கைவிட்டார்கள். கேட்ட ஊர்களில் கிடைப்பது புதையல். ஆகவே வில்லியமின் ஞானஸ்நானத்தை விட்டுவிட்டு அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குப் போங்கள். 1788-க்கும் 1812-க்கும் நடுவில் ஒரே ஒரு பிள்ளைக்காவது அந்த முறையில் எழுதியிருந்தால், வில்லியமின் அப்பா பெயரும் ஊரும் அந்த வரியிலேயே இருக்கும். தேடுபொறியின் பட்டியலில் தாத்தா பாட்டி பெயர் பெரும்பாலும் வராது. பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் அழிந்திருந்தால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்கள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த வட்டார உயில்களும் அங்கேதான். 'இன்ன ஊரிலுள்ள என் மகன் வில்லியமுக்கு' என்று ஓர் அப்பா எழுதி வைத்திருந்தால் வழக்கு முடிந்தது.

திருமணப் பதிவையும் மறுபடி பாருங்கள். 1754-லிருந்து இருவரும் கையெழுத்தோ சிலுவைக்குறியோ போட வேண்டும், இரண்டு சாட்சிகளும் போட வேண்டும். சாட்சி மணமகனின் அண்ணனாக இருக்கலாம். ஆனால் அதே பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அவர் சொந்தக்காரர் இல்லை, ஆலயத்தின் எழுத்தர்.

மாமியாரைத் தேற்றலாம். 1783-லிருந்து 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது, ஏழைகளுக்கு விலக்கு. வரி வேண்டாம் என்று ஏழையாகப் பதிந்துகொண்டவர்களும் உண்டு, இரக்கப்பட்டு அப்படியே எழுதிய பாதிரியார்களும் உண்டு. நிஜமாகவே ஏழையாக இருந்தால், வம்சம் தேடுகிறவருக்கு அது நல்ல செய்தி. நிவாரணம் கேட்டவரை எந்த பாரிஷ் பராமரிக்க வேண்டும் என்று விசாரித்து, எங்கே பிறந்தார், எங்கே வேலை பார்த்தார் என்று வாக்குமூலம் வாங்குவார்கள். கொஞ்சம் நிலம் வைத்துச் சும்மா இருந்தவனைப் பற்றி அப்படி ஒரு வரிகூட இருக்காது.

இரண்டு வில்லியம்களுமே கழிந்துபோனால் கலங்க வேண்டாம். மூன்றாவது ஒருவர் பாரிஷ் ஆலயத்தைச் சேராத கிறிஸ்தவப் பிரிவுகளில், குவேக்கர் வீட்டிலோ சுயாதீன சபையிலோ, பிறந்திருக்கலாம். குவேக்கர்கள் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை, பிறப்பை மட்டும் தங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஏடுகளில் பெரும்பகுதி இப்போது லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அதுவரை மரத்தில் வில்லியமுக்கு மேலே காலியாக விடுங்கள். இரண்டு ஞானஸ்நானத்தையும் குறிப்பில் எழுதி, எதை எந்த ஏட்டில் பார்த்தீர்கள், எந்த வருஷங்களைப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள். 1763-காரரின் அடக்கம் கிடைத்தால் அந்த மரக்காரர்களுக்கும் பக்கத்தின் படத்தோடு அனுப்புங்கள். சிலர் திருத்துவார்கள்.