எஃப்பிஐ வேலைக்கு இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: டாலஸில் பத்து வருடமாக சைபர் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். வயது 35. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். எஃப்பிஐயில் ஸ்பெஷல் ஏஜென்ட் ஆக வேண்டும் என்று ஆசை. ஒரு பயிற்சி நிறுவனம் 4,000 டாலர் கட்டினால் இரண்டு சான்றிதழும் பாலிகிராஃப் (பொய் கண்டறியும் சோதனை) பயிற்சியும் தருவதாகச் சொல்கிறது. சேரலாமா?

பதில்: சேராதீர்கள். விண்ணப்பம் எஃப்பிஐயின் சொந்த வேலைவாய்ப்புத் தளத்தில்தான், அதற்குக் கட்டணமே கிடையாது. இளநிலைப் பட்டம், இரண்டு வருட முழுநேர வேலை அனுபவம், குடியுரிமை, உடல் தகுதி ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். உங்கள் பத்து வருட அனுபவத்துக்கு மேல் அந்தச் சான்றிதழ்கள் என்ன சேர்த்துவிடப் போகின்றன?

பாலிகிராஃபை ஏமாற்றச் சொல்லித்தருகிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். ஓக்லஹோமாவில் இதையே தொழிலாக வைத்திருந்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவருக்கு 2015இல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அவரிடம் படித்தவர்களையும் விசாரித்தார்கள். பின்னணி விசாரணைக்கான எஸ்எஃப்-86 படிவத்தில், கடந்த ஏழு ஆண்டுகளில் அனுமதியில்லாமல் எந்தக் கணினி அமைப்பிலாவது நுழைந்தீர்களா என்று தனியாகவே கேட்பார்கள். உங்கள் துறைக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். ஒப்பந்தம் போட்டுச் செய்த ஊடுருவல் சோதனை குற்றமாகாது. ஆர்வத்தில் யாரோ ஒருவரின் சர்வரைத் தட்டிப்பார்த்திருந்தால் அதை எழுதிவிடுங்கள். செய்ததைவிட மறைத்ததற்காகத்தான் நிறையப் பேரை வெளியே அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கும் அப்பா, அம்மா, தம்பி விவரமும் அப்படித்தான், ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்களுக்கு உண்மையான எதிரி நாட்காட்டி. 36ஆவது பிறந்தநாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும், 37ஆவது பிறந்தநாளுக்கு முன் பணி நியமனம் ஆகிவிட வேண்டும். 57 வயதில் கட்டாய ஓய்வு, அதற்குள் இருபது வருட சேவை என்பதுதான் கணக்கு. இதற்கு விலக்கு உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உண்டு. முன்னுரிமைத் தகுதி பெற்ற முன்னாள் ராணுவத்தினருக்கு உண்டு. ஏற்கெனவே இதே ஓய்வூதியத் திட்டத்தில் வரும் அமெரிக்க மத்திய அரசுக் காவல் பணியில் இருந்தவர்களுக்கும் உண்டு, அந்த வருடங்களைக் கழித்துக்கொள்வார்கள். டெக்சஸ் மாநிலப் போலீஸில் இருந்தது கணக்கில் வராது. தனியார் நிறுவனத்தில் இருந்துகொண்டு மத்திய அரசு ஒப்பந்த வேலை செய்ததும் வராது. விலக்கு வாங்கித்தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால் அது பொய்.

தொழில்நுட்ப ஆட்கள் வேண்டும் என்று மேடை போட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் வந்தால் தேர்வு, நேர்காணல், பின்னணி விசாரணை என்று ஒரு வருடத்துக்கு மேல்கூட உட்கார வைக்கிறார்கள். கடைசியில் வயது போய்விட்டது என்கிறார்கள். திறமையை இப்படி வீணடிப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். குவான்டிகோவில் இருக்கும் எஃப்பிஐ அகாடமியில் பயிற்சி முடிந்ததும் சைபர் பிரிவு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எந்த ஊருக்கும் போக வேண்டும், வங்கிக் கொள்ளை வழக்கிலும் நிற்க நேரலாம். கணினிக் குற்றத்தைத் துப்பறிவதுதான் உங்கள் ஆசை என்றால், துப்பாக்கி ஏந்தாத கம்ப்யூட்டர் சயின்டிஸ்ட், டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர் பணிகள் அதே எஃப்பிஐயில் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த வயது வரம்பு கிடையாது, பின்னணி விசாரணை மட்டும் அதேபோல் கடுமை.

ஏஜென்ட்தான் வேண்டும் என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். நாளைக் காலையிலிருந்து ஒன்றரை மைல் ஓட்டத்தையும் 300 மீட்டர் ஓட்டத்தையும் தண்டாலையும் ஆரம்பித்துவிடுங்கள்.