தண்டர் பேக்கு ஜனவரியில் கார் ஓட்டப் போகும் தம்பிக்கு

ஜனவரி இரண்டாம் கிழமை ரொறன்ரோவிலிருந்து ஒன்ராறியோவின் வடமேற்கிலுள்ள தண்டர் பேக்கு வேலைக்காகக் குடிபோகிறீர்கள், மனைவியும் நான்கு வயது மகளும் கூட வருகிறார்கள், கார் எட்டு வருசப் பழசு, ஓல் சீசன் ரயர்தான் போட்டிருக்கிறது, இரண்டு நாளில் போய்ச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு அங்கே வீட்டு வாடகை எவ்வளவு, தமிழ்ச் சனம் இருக்கிறதா, வழியில் எந்த மோட்டல் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின்னுள்ள மூன்றையும் நீங்களே விசாரித்துக்கொள்வீர்கள், அவற்றை விடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை, கடன் அட்டை, லைசென்ஸ் பற்றிச் சொல்ல எங்கள் ஆக்கள் நூறு பேர் முன்னுக்கு வருவார்கள். நகரத்துக்கு வெளியே குளிர்காலத்தில் கார் ஓட்டுவது பற்றி ஒருவரும் இருந்து விளக்கமாகச் சொல்வதில்லை. நாங்கள் வந்த காலத்திலும் சொல்லவில்லை. ஆகையால் இதை மட்டும் நீளமாக எழுதுகிறேன்.

இரண்டு நாள் காணாது. தூரம் ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். நெடுஞ்சாலை 17இல் பெரும்பகுதிக்கு வேக எல்லை 90. பனி பெய்தால் 60, 70இல்தான் போக முடியும். ஜனவரியில் சுப்பீரியர் ஏரியின் வடகரையில் காலை எட்டரைக்குத்தான் வெளிச்சம் வரும், பின்னேரம் ஐந்தேகாலுக்கு இருட்டிவிடும். பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓடுவது என்று முடிவெடுங்கள். அப்படியானால் நான்கு நாள் வேண்டும்: முதல் நாள் சட்பரி (சுமார் 400 கி.மீ.), இரண்டாம் நாள் சூ செயின்ற் மேரி (300), மூன்றாம் நாள் மரதன் (410), நான்காம் நாள் தண்டர் பே (300). இதற்கு மேல் ஒரு நாளைக் கையில் வைத்திருங்கள். வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால் அதற்கு முந்திய புதனே வெளிக்கிட வேண்டும். "திங்கள் காலை நிற்கவேண்டும்" என்ற அவசரம் காருக்குள் ஏறிவிட்டால், நிறுத்த வேண்டிய நேரத்தில் பயணத்தை நிறுத்தமாட்டீர்கள்.

முதலாவது ரயர். ஓல் சீசன் என்ற பெயரை நம்பாதீர்கள். அந்த ரப்பர் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸ் 20இல் அது பிளாஸ்ரிக் போலாகிவிடும், தவாளிப்பு (ரயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐஸைப் பிடிக்காது. வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது தவாளிப்பின் வடிவத்தைத்தான் சொல்கிறது, அந்த ரயரைப் பனியில் ஓட்டிச் சோதித்தார்கள் என்று சொல்லவில்லை. பழைய கார் விற்கிறவர்கள் இந்த எழுத்தைக் காட்டியே "வின்ரருக்கும் இது போதும்" என்று புதிதாக வந்தவர்களின் தலையில் கட்டிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நாலு சக்கரத்துக்கும் போடவேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே, முன்னுக்கு இரண்டு போதும் என்று காசு மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக்கைத் தொட்டதும் பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வரும். பாவித்த ரயர் வாங்கினால் தவாளிப்பு 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். புதியதில் 8, 9 இருக்கும். ஆழம் குறைந்தால் பனியை அள்ளி வெளியே எறிய இடமில்லாமல் ரயர் அதற்கு மேலே மிதக்கும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதைத் தேவையில்லை என்று எங்கள் ஆக்களில் கனபேர் விளங்கிக்கொள்கிறார்கள். "இருபது வருசமா ஓல் சீசனில்தான் ஓடுறன், ஒண்டும் நடக்கேல்லை" என்று உங்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் ஓடுவது ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கும் பக்கத்து மார்க்கம் நகருக்கும் இடையில். விடியமுன்னரே உப்புப் போட்டு வழித்த தெரு அது. சூ செயின்ற் மேரிக்கும் மரதனுக்கும் நடுவிலுள்ள வாவா என்ற ஊருக்கு இந்தப் பக்கம் 60 கிலோமீற்றரில் ஒரு மலையிறக்கத்தில் நிற்கும்போது அந்த அனுபவம் உதவாது. காசுதான் யோசனை என்றால், குளிர்கால ரயருக்கு ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுத்தே ஆகவேண்டும், 2016 ஜனவரியிலிருந்து அதுதான் விதி. உங்கள் காப்புறுதி முகவரைக் கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை யாராவது இரவல் தருவதாகச் சொன்னாலும் ரயரைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். நாலு சக்கர இழுவை புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்தில்தான்.

ரயரைப் பயணத்துக்கு முதல்நாள் மாற்றாதீர்கள், ஒரு கிழமை முந்தி மாற்றுங்கள். சக்கர நட்டுகள் 100 கிலோமீற்றர் ஓடியபின் கொஞ்சம் இளகலாம், திரும்பப் போய் முறுக்குச் சாவியால் சரிபார்க்க வேண்டும். காற்றழுத்தம் ஒவ்வொரு 5, 6 பாகை குளிருக்கும் சுமார் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த மானியில் காட்டும் அலகு) குறையும். ரொறன்ரோவில் பூச்சியத்தில் அளந்துகொண்டு போனால், மைனஸ் 30இல் விடியும்போது 5 குறைந்திருக்கும். சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரியான அளவு, ரயரின் சுவரில் எழுதியிருப்பது உச்ச அளவு. ஒவ்வொரு நாள் காலையிலும் கார் ஓடமுன்னர் அளவுங்கள்.

அடுத்தது பற்றரி. மைனஸ் 18இல் சாதாரண ஈய அமிலப் பற்றரி தன் வலுவில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுக்கும். அதே குளிரில் எண்ணெய் தடித்திருப்பதால் எஞ்சினைச் சுழற்ற இரட்டிப்பு வலு வேண்டும். ஆகவேதான் ரொறன்ரோவில் ஒரு குறையும் இல்லாமல் ஸ்ராட் ஆகிய கார் வாவாவுக்கு அப்பாலுள்ள வைற் ரிவர் என்ற ஊரில் விடிய வெறும் 'டிக்' சத்தத்தோடு நிற்கும். நான்கு வருசத்துக்கு மேற்பட்ட பற்றரி என்றால் லோட் ரெஸ்ற் (சுமை கொடுத்துச் சோதிப்பது) செய்விக்க வேண்டும், வோல்ற் அளவு மட்டும் பார்த்தால் போதாது. சார்ஜ் இறங்கிய பற்றரி மைனஸ் 7 அளவிலேயே உறைந்துவிடும், நிறைந்தது மைனஸ் 50ஐயும் தாங்கும். பற்றரியின் பக்கம் வீங்கியிருந்தால் பூஸ்ரர் கேபிளை (வேறு காரின் பற்றரியிலிருந்து மின் எடுக்கும் வயர்) கொளுவாதீர்கள், வெடிக்கும்.

புளொக் ஹீற்றர் என்பது எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ரை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடாக்கும் ஒரு சின்ன மின் சூடாக்கி. தெற்கில் விற்ற கார்கள் பலவற்றில் அது இருக்காது. முன்கிறிலுக்குள் மூன்று முள் பிளக் ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போகமுன்னர் பூட்டுவியுங்கள். தண்டர் பேயில் இரவு மைனஸ் 30க்குப் போகும் நாட்கள் உண்டு, அங்கே அது ஆடம்பரமல்ல. வடக்கில் பல மோட்டல்களில் கார் நிறுத்துமிடத்திலேயே மின்செருகி இருக்கும். பதிவு செய்யும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 400 முதல் 1,000 வோட் வரை இழுக்கும் சாதனம் அது, புறப்பட 3, 4 மணித்தியாலம் முந்திப் போட்டால் போதும். வீட்டுக்குள் பாவிக்கும் மெல்லிய நீட்டு வயரைக் கொண்டுபோகாதீர்கள். குளிரில் அதன் தோல் வெடிக்கும், சுமை தாங்காமல் சூடாகும். வெளிப்பாவனைக்கான 14 கேஜ், மூன்று முள் வயர் வாங்குங்கள்.

திரவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூலன்ற் பாதிக்குப் பாதி தண்ணீரோடு இருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பது பிழை, கலக்காத எத்திலீன் கிளைக்கோல் மைனஸ் 13இலேயே உறையும். எண்ணெய் மாற்றும்போது உங்கள் காரின் கைநூல் அனுமதிக்கும் சீரோ டபிள்யூ (0W என்று தொடங்கும், குளிரில் தடிக்காத) சிந்தெற்றிக் எண்ணெயை ஊற்றச் சொல்லுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 என்று எழுதியதாக இருக்கட்டும். பழையது குழாயில் தேங்கி நின்றால் உறைந்து வெடிக்கும், எனவே புதியதை ஊற்றிய கையோடு ஒரு நிமிடம் தெளித்து இழுத்துவிடுங்கள். உப்புச் சேறு தெறிக்கும் நாளில் ஒரு முழுப் போத்தலும் முடியும், இரண்டு போத்தல் ரிரங்குக்குள் (காரின் பின்பெட்டி) வையுங்கள். வைப்பரை நிறுத்திவிட்டே எஞ்சினை நிற்பாட்டுங்கள். இல்லையென்றால் விடிய அது கண்ணாடியோடு உறைந்திருக்கும், சாவியைத் திருப்பியதும் மோட்டர் எரியும்.

மகளைப் பற்றி ஒன்று. தடித்த வின்ரர் ஜக்கற்றோடு பிள்ளையைக் கார் இருக்கையில் பூட்டாதீர்கள். எங்கள் அம்மாமார் எல்லோரும் செய்வது இதுதான், அன்பினால் செய்வதுதான், ஆனால் ஆபத்தானது. மோதும்போது ஜக்கற்றுக்குள் இருக்கும் காற்று நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும், பிள்ளை நழுவிவிடும். மெல்லிய கம்பளிச் சட்டையோடு பட்டியை இறுக்குங்கள். தோளருகே பட்டியை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு வரக்கூடாது. அதன்பின் ஜக்கற்றைக் கைகள் வழியே முன்பக்கமாகப் போட்டு மூடிவிடுங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் இதே விதிதான்.

பாதையைப் பற்றி. சுப்பீரியர் ஏரி ஜனவரியில் பெரும்பாலும் உறையாமல் திறந்து கிடக்கும். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்த நீரின் சூட்டையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு சூ செயின்ற் மேரிக்கும் வாவாவுக்கும் இடைப்பட்ட கரையில் பனியாகக் கொட்டும். அந்த 225 கிலோமீற்றர்தான் முழுப் பயணத்திலும் கடினமான துண்டு. மலையேற்றம், இறக்கம், கைபேசி அலை கிடைக்காத நீண்ட இடைவெளிகள் எல்லாம் அங்கே உண்டு. சாலை மூடினால் சுற்றிப்போக வசதியான வேறு வழி இல்லை. வடக்கு ஒன்ராறியோவின் கதையே அதுதான். உங்கள் பாதையிலுள்ள நிப்பிகன் ஆற்றுப் பாலம் 2016 ஜனவரி 10 அன்று தளம் மேலெழும்பி மூடப்பட்டபோது, கிழக்குக் கனடாவையும் மேற்குக் கனடாவையும் நாட்டுக்குள்ளேயே இணைக்கும் தெரு அறுந்துபோனது. ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் ஒன்ராறியோ 511 என்ற தெரு நிலவர இணையத்தளத்தைப் பாருங்கள், தொலைபேசியில் 511 அழுத்தினாலும் சொல்வார்கள். சுற்றுச்சூழல் திணைக்களம் ஸ்னோ ஸ்குவோல் (திடீரென்று பார்வையை மறைத்துக் கொட்டும் பனி) எச்சரிக்கை போட்டிருந்தால் அன்று மோட்டலிலேயே இருங்கள். பொலிஸ் தடுப்புப் போட்டுத் தெருவை மூடியிருந்தால் "கொஞ்சத்தூரம் போய்ப் பார்ப்பம்" வேண்டாம். பாதை வரைபடத்தை வீட்டிலிருந்தே இறக்கிக் கைபேசிக்குள் வைத்திருங்கள்.

பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே போகக்கூடாது. வாவா, வைற் ரிவர், மரதன் ஒவ்வொன்றுக்கும் இடையில் 90 கிலோமீற்றருக்கு மேல். கோடையில் திறந்திருக்கும் நிலையங்களில் சில குளிர்காலத்தில் பூட்டியிருக்கும்.

தெற்கில் தெரு கறுப்பாக இருந்தால் நல்லது, வெள்ளையாக இருந்தால் கூடாது என்று பழகியிருப்பீர்கள். வடக்கில் அந்தக் கணக்கு மாறும். மைனஸ் 12க்குக் கீழே உப்பு சரியாக வேலை செய்யாது, மணல்தான் தூவுவார்கள். இறுகிய வெள்ளைப் பனியில் நல்ல ரயர் ஓரளவு பிடிக்கும். பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே ஈரமாய்ப் பளபளக்கும் கறுப்புத் தெருதான் அதைவிட மோசம், பாலங்களிலும் பாறை நிழலிலும் அது ஐஸாக இருக்கும். குரூஸை (வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) போடாதீர்கள். நீல விளக்கு மின்னும் பனி வழிக்கும் வண்டியை முந்தாதீர்கள், அதன் பக்க அலகு பனிப்புகைக்குள் தெரியாது. எதிரே பார ட்ரக் வரும்போது சில விநாடிகள் ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வலது ஓரக் கோட்டைக் கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். முன்விளக்கைக் கையால் முழுதாகப் போடுங்கள். பகல் விளக்குத் தானாக எரிந்தாலும் உங்கள் காரின் வயதுக்கு பின்விளக்கு எரியாமல் இருக்கலாம், பின்னால் வரும் ட்ரக்குக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். சறுக்கினால் பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய திசையைப் பார்த்து அந்தப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஏ.பி.எஸ். (சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும்) பிரேக் காலுக்குக் கீழே அதிரும், பயந்து காலை எடுக்காமல் அழுத்தியபடி இருங்கள்.

அகப்பட்டு நின்றால் காரைவிட்டு இறங்கி நடக்கக்கூடாது. கார் தேடுகிறவர்களின் கண்ணில் படும், வெள்ளைக்குள் நடக்கும் மனிதர் படமாட்டார். முதலில் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியைச் சவளால் அள்ளுங்கள். அது அடைபட்டால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே வரும், மணமும் இராது. மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, காற்று அடிக்காத பக்கத்து யன்னலை ஒரு விரலளவு திறந்துவையுங்கள். பனி தொடர்ந்து பெய்தால் ஒவ்வொரு முறை எஞ்சினைப் போடமுன்னரும் குழாயைத் திரும்பப் பாருங்கள். ஆளுக்கொரு குளிர்ப் படுக்கைப்பை, தொப்பி, இரண்டு சோடி உலர்ந்த காலுறை, சவள், மணல் ஒரு பை, பூஸ்ரர் கேபிள், இழுவைக் கயிறு, லித்தியம் பற்றரி போட்ட ரோர்ச் ஆகியவை வேண்டும். சாதாரண அல்கலைன் பற்றரி இந்தக் குளிரில் கெதியாய்ச் சோர்ந்துவிடும். படுக்கைப்பையும் தண்ணீரும் ரிரங்குக்குள் அல்ல, உங்களோடு உள்ளே. தண்ணீர்ப் போத்தலை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், உறைந்தால் விரிய இடம் வேண்டும். கைபேசியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள்.

ஒவ்வொரு நாளும் புறப்படும் நேரத்தையும் சேரவேண்டிய ஊரையும் ரொறன்ரோவில் ஒருவருக்குச் சொல்லுங்கள். இரவு எட்டுக்குள் அழைப்பு வராவிட்டால் ஒன்ராறியோ மாகாணப் பொலிசை அழைப்பது என்று அவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இப்போது காருக்குப் போய் ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். டி.ஓ.ரி. (DOT) என்ற எழுத்துக்களுக்குப் பின்னே வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்த காலம்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. வாங்க யோசிக்கும் குளிர்கால ரயரிலும் அதே இலக்கத்தையும் தவாளிப்பையும் படம் எடுத்து அனுப்புங்கள். காசு கொடுக்கமுன்னர் நான் பார்த்துச் சொல்கிறேன்.