பழைய பள்ளிக் கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்தால் உடனே எல்லாவற்றையும் அகற்ற வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். 1960களில் கட்டிய கட்டடம். வகுப்பறைகளின் சீலிங் பலகையிலும் கொதிகலன் அறைக் குழாய்களைச் சுற்றியுள்ள உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகச் சோதனை முடிவு வந்திருக்கிறது. அடுத்த நீண்ட விடுமுறைக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா, பெற்றோரிடம் என்ன சொல்வது என்று கேட்கிறார்.

பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்பைப் பல வருடங்கள் கவனித்துக்கொண்டவன் நான். அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் பதில். அதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். நாளைக் காலை உங்கள் பள்ளிக்கு ட்ரில்லோடு வரப்போகிற ஆளுக்கு, எந்தப் பலகையில் கைவைக்கக் கூடாது என்று தெரியுமா?

இதை நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு ஐந்தாம் வகுப்பறை. அந்தப் பள்ளியில் ஆவணத்தில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வோர் அறையையும் பார்த்து, மாதிரி எடுத்துச் சோதித்து, வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்திருந்தார்கள். அந்தக் கோப்பு அலுவலக அலமாரியில் பூட்டுக்குள் இருந்தது. ஒரு சனிக்கிழமை புரொஜெக்டர் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் சீலிங்கில் நான்கு ஓட்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை எனக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால் முன்வரிசை மேசைகளின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள். தரையில் பாதியை ஏற்கெனவே பெருக்கியிருந்தார்கள். "சாக்பீஸ் தூள்னு நினைச்சேன் சார்" என்றார் துப்புரவுப் பணி செய்யும் அம்மா, கையில் துடைப்பத்தோடு. அந்தப் பலகையில் இருந்தது அமோசைட், அதாவது பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ். அன்று அந்த அறையில் அதிகமாகச் சுவாசித்தது அவர்தான். அவருக்கு அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஒரு கனிமம். தமிழில் கல்நார் என்று சொல்வது மிகப் பொருத்தம், கல்லே நாராகப் பிரிகிறது. பிரியப் பிரிய இன்னும் மெல்லிய இழையாகும். ஆய்வகத்தில் எண்ணுகிற இழைகளின் அகலம் 3 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் அடிவரை போகும், அங்கேயே தங்கிவிடும். நோய் தெரிய 20 முதல் 40 வருடங்கள்கூட ஆகலாம். நுரையீரலின் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 5 வயதில் இந்த இழைகளை முதலில் சுவாசிக்கும் குழந்தைக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் ஆபத்து, 30 வயதில் அதே அளவு சுவாசித்தவரைவிடச் சுமார் 5 மடங்கு என்று பிரிட்டன் அரசின் நிபுணர் குழு ஒன்று 2013இல் கணித்தது. குழந்தைக்கு முன்னால் அத்தனை வருடங்கள் மீதமிருக்கின்றன, அதனால்தான். ஒரு கிடங்கில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸையும் பள்ளியில் இருப்பதையும் நான் ஒன்றாகப் பார்ப்பதே இல்லை.

அப்படியானால் ஏன் அவசரம் வேண்டாம் என்கிறேன்? உடையாமல், உதிராமல் இருக்கும் பலகையிலிருந்து இழை காற்றுக்கு வருவது மிகமிகக் குறைவு. அரைகுறையாகப் பிடுங்கினால்தான் அறை முழுக்கப் பரவும். அகற்றுவது என்றால் கூலிக்கு ஆள்விட்டு உடைப்பது இல்லை. உரிமம் பெற்றவர்கள் வந்து அந்த இடத்தை பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, உள்ளிருந்து காற்று வெளியே கசியாதபடி வடிகட்டி இழுக்கும் இயந்திரம் வைத்து, ஈரப்படுத்தி, முழுப் பலகையாகக் கழற்றி, இரட்டை உறையில் கட்டி எடுத்துப் போக வேண்டும். அதன்பின் காற்றுச் சோதனை தேறினால்தான் குழந்தைகளை உள்ளே விடலாம். இவ்வளவையும் பள்ளி முழுக்க ஒரே விடுமுறையில் முடிக்க நினைத்தால், எங்கோ ஓரிடத்தில் கை தவறும்.

எல்லாப் பொருளும் ஒரே அளவு ஆபத்தும் இல்லை. கூரையில் போடும் சிமென்ட் ஷீட்டில் இழை சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கும். உடைக்காமல், அறுக்காமல், உரசிக் கழுவாமல் இருந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பழைய வினைல் தரை ஓடும் அப்படித்தான். குழாய் உறை வேறு கதை. விரலால் நசுக்கினாலே பொடியாகும். உத்திரங்களில் தெளித்த பூச்சும் அதே ரகம். சீலிங் பலகை இரண்டுக்கும் நடுவில்.

உங்கள் கொதிகலன் அறைக் குழாயில் உறை கிழிந்து தொங்குகிறது என்றால் அந்த வேலையை முதலில் எடுங்கள், அதுவரை அறையைப் பூட்டி வையுங்கள். வகுப்பறைப் பலகை நன்றாக இருந்தால் பெயிண்ட் பூச்சால் மூடி, கண்காணித்து வாருங்கள். ஆனால் "நன்றாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று காலத்துக்கும் விட்டுவிடுவதை நான் ஏற்கவில்லை. பள்ளியில் பந்து படும், கதவு படாரென்று சாத்தும், ஓவியத்தை மாட்ட டீச்சர் பலகையிலேயே குண்டூசி குத்துவார். குழந்தைகளின் கைக்கு எட்டும் பலகைகளை வரிசை போட்டு, ஒவ்வொரு விடுமுறையிலும் சிலதாக எடுத்துவிடுவதுதான் என் யோசனை.

அமெரிக்காவில் 1986இல் பள்ளிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 6 மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், 3 வருடத்துக்கு ஒருமுறை முழு மறு ஆய்வு, பெற்றோர் கேட்டால் திட்டக் கோப்பைக் காட்ட வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது, துப்புரவு, பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதுதான். உங்கள் நாட்டுச் சட்டம் கேட்காவிட்டாலும் அதைச் செய்யுங்கள்.

அந்த ஐந்தாம் வகுப்புச் சம்பவத்துக்குப் பிறகு நான் பார்த்த பள்ளிகளில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். வரைபடத்தின் நகல் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கும். வெளியாள் யாராக இருந்தாலும், கேபிள் இழுக்க வந்தவரானாலும், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பலகையையும் அதே கோணத்தில் போட்டோ எடுப்போம். மூலையில் புதிதாக ஒரு கீறல் விழுந்தாலும் பழைய படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சோதிக்காத பொருளை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் பார்வையால் மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மீறி ஏதாவது உடைந்தால் வேலையை நிறுத்தி, ஃபேனை அணைத்து, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். துடைப்பம் கூடாது. சாதாரண வாக்யூம் க்ளீனர் இன்னும் மோசம், நுண்ணிய இழை அதன் பைக்குள் நிற்காமல் பின்பக்கமாகக் காற்றோடு வெளியே வரும். தூள் பட்ட உடையை உதறாமல் அப்படியே பையில் போட்டுக் கட்டுங்கள்.

அப்புறம் பெற்றோர். சோதனை முடிவு உங்கள் கையில் இருக்கும்போதே, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால், நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த அறையில் எது இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, எதை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். அதே கூட்டத்துக்குத் துப்புரவுப் பணியாளர்களையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள்.