விதை போடக் காலை நல்லதா, மாலை நல்லதா?

வெயில் காலமென்றால் மாலை நாலு மணிக்கு மேல். மழை பிடிக்கிற மாதங்களில் காலை. பர்மாவில் பெகு பக்கம், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் கீரையும் காயும் போடுகிறவள் நான். எங்கள் ஊர் வெயிலையும் மழையையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

காய்ந்த விதைக்கு நேரம் காலம் கிடையாது. டப்பாவில் கிடப்பதுபோல மண்ணிலும் கிடக்கும். முதல் தண்ணீர் பட்டதும்தான் கணக்கு ஆரம்பம். அது ஊறி உப்புகிற முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் மேல்மண் காய்ந்தாலோ கொதித்தாலோ முளை பாதியில் நின்றுவிடும். காலை எட்டு மணிக்கு விதைத்துத் தண்ணீர் தெளித்தால், விதை ஊறி வருகிற சமயம் உச்சி வெயில். சாயங்காலம் விதைத்தால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும்.

லெட்டூஸில் பட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். ஒரு மாசிக் கடைசியில் காலை பத்து மணிக்கு விதைத்தேன். பத்து நாள் ஆகியும் ஒன்றுமில்லை. விதை பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பிறகு அதே பாக்கெட்டில் மிச்சமிருந்ததை மாலை நாலரைக்குத் தூவி, புறங்கையால் அழுத்தி, நனைத்த சாக்கைப் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், ஒவ்வொரு விதையிலும் நூல்முனை மாதிரி வெள்ளை வேர். லெட்டூஸ் விதை மண்சூடு 25 டிகிரியைத் தாண்டினாலே தயங்கும்; 30-க்கு மேல் போனால் பல ரகங்கள் உறங்கியே விடும். நனைந்த முதல் சில மணி நேரத்தில்தான் அதற்குச் சூடு அதிகம் உறைக்கும். மாலையில் விதைத்தால் அந்த நேரம் ராத்திரிக் குளிர்ச்சியில் கழிந்துவிடுகிறது. கொத்தமல்லி, பாலக்கீரைக்கும் இதையே செய்கிறேன்.

வெண்டை, பாகல், பயற்றங்காய் அப்படியில்லை, சூட்டை விரும்புகிறவை. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஊன்றினாலும் வரும். மார்கழி, தையில் விடியற்காலை மண் சில்லென்று இருக்கும். அப்போது வெயில் ஏறிய பிறகு பத்து மணி வாக்கில் ஊன்றுவது நல்லது.

இனி மழை. திஞ்ஞான் தண்ணீர்ப் பண்டிகை முடிந்து வைகாசி நெருங்கும்போது இங்கே சாயங்காலங்களில் இடியோடு கொட்டும். ஒரு வருஷம் ஐந்து மணிக்குப் புளிச்சக்கீரை விதைத்தேன். பர்மியர் சின்பவுங் என்பார்களே, அதுதான். ஏழு மணிக்கு அடித்த மழையில் பாத்தி முழுக்கக் கரைந்து, ஒரு வாரம் கழித்துப் பள்ளமான மூலையில் கொத்தாக முளைத்து நின்றது. அதிலிருந்து, மேகம் கறுத்திருந்தால் விதைப் பையையே எடுப்பதில்லை. மறுநாள் காலை, நின்ற தண்ணீர் வடிந்ததும் விதைத்து, மேலே வைக்கோலைப் பரப்பிவிடுவேன். அடுத்த மழைக்குள் மண் படிந்து இறுகிக்கொள்ளும். வைக்கோல் மழையின் அடியையும் தாங்கும்.

தண்டுக்கீரை மாதிரிப் பொடி விதைக்கு நேரத்தைவிட எறும்புதான் பெரிய பாடு. எங்கள் ஆயா விதையோடு மணலைக் கலந்து தூவிவிட்டு, பாத்தியைச் சுற்றிக் கோலம் போடுகிற மாதிரி அரிசி மாவைத் தூவுவார். எறும்பு மாவை இழுத்துக்கொண்டிருக்கும்போதே விதை முளைத்துவிடும். நாள் பார்ப்பதிலும் ஆயா கெட்டி: மேல்நோக்கு நாளில் கீரை, கீழ்நோக்கு நாளில் கிழங்கு. அவருக்காக இன்றும் காலண்டரைப் பார்க்கிறேன், ஆனால் நாள் சரியாக இருந்தாலும் வெயில் காலத்தில் காலையில் விதைப்பதில்லை.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். மாலைத் தண்ணீர் முளைக்கும் வரைதான். இரண்டு இலை விட்டதும் காலையில் ஊற்றுங்கள். ராத்திரியெல்லாம் ஈரம் நின்றால் நாற்றழுகல் வந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துச் சாய்ந்துவிடும். மூடிய சாக்கை எடுப்பது மட்டும் மாலையில். வெளிறிய முளை முதலில் ஒரு ராத்திரியைப் பார்த்துவிட்டு வெயிலுக்கு வரட்டும்.